முன்னால் அண்ணன், கடைசியில் அண்ணி

என் அண்ணி யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் வாயைத்தான் பார்ப்பாள். தொழில் புத்தி அப்படி. பல் செட் செய்கிற லேபில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை முன்னால் வைத்துக்கொண்டு, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஒரு முழுச் சிரிப்பைச் செய்து திருப்பி அனுப்புவது அண்ணி. "எல்லாப் பல்லையும் ஒழுங்கா வெச்சா பாக்கறவங்களுக்குப் பொய்ப் பல்லுன்னு தெரிஞ்சிடும். ஒண்ணாவது கொஞ்சம் கோணலா இருக்கணும்" என்பாள். தெருவில் அவளுக்குப் 'பல்லு அக்கா' என்றே பெயர். எதிரில் யாராவது அசந்துபோய்க் கொட்டாவி விட்டால் போதும், "கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டீங்க போலிருக்கே?" என்று நடுத்தெருவில் கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள்.

ஊரார் எல்லோரிடமும் இப்படி வாயாடுகிறவள் கட்டின புருஷனிடம் பேசி வருஷக்கணக்காகிறது. அந்தப் புருஷன் வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அண்ணன். பஸ் டிரைவர்.

வெளியாட்களுக்கு இது தெரியாது. சண்டையில்லை, சத்தமில்லை, தட்டு பறப்பதில்லை. அவன் சட்டையை அவள் துவைக்கிறாள், அவள் குளிக்க அவன் வெந்நீர் போடுகிறான். பேச்சு மட்டும்தான் கிடையாது. நான் மாடியில் இருக்கிறேன், கீழே தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான்தான். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, பட்டன் தெச்சு வெச்சிருக்கேன்னு" என்பாள் அண்ணி. அண்ணன் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், செருப்பு மாட்டிக்கொண்டிருப்பான். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பான் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் என்றால் மூட்டிவிடுகிறவள் என்று உலகத்தில் பெயர். எனக்கு வாய்த்ததோ ஒட்டவைக்கிற வேலை, அதுவும் ஒட்டாத வேலை.

நடந்தது இதுதான். அண்ணியின் அம்மா வேறு ஊரில் இருந்தாள், பஸ்ஸில் அரைநாள் தூரம். அந்த அம்மாவுக்குப் பல் எல்லாம் கொட்டிப்போய், மகளிடம் ஆசையாக ஒரு பல் செட் கேட்டிருந்தாள். அண்ணி வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். அன்று மதியம் லேபில் அதற்குத்தான் மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அண்ணனுக்குப் போன் வந்தது: அம்மாவுக்கு நெஞ்சுவலி, மகளை உடனே வரச் சொல்லுங்கள். லேபில் வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள், அதனால் அவனுக்குத்தான் வந்தது.

அவன் என்ன செய்தான்? யோசித்தான். அதுதான் அவன் செய்த தப்பு. இப்போது சொன்னால் அழுதுகொண்டு தனியாகப் பஸ் ஏறிவிடுவாள், வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகும், சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் ஒரு கார் பிடித்துத் தானே கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தான். அந்தச் சேதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதியம் முழுக்கப் பஸ் ஓட்டினான். சாயங்காலம் போய்ச் சொன்னான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணி அழவில்லை. கையில் துணியில் சுற்றின பல் செட்டோடு நின்றுகொண்டு, "போன் எப்ப வந்துது?" என்று கேட்டாள்.

"மத்தியானம்."

"இனிமே நீங்க எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்."

வேறு ஒருத்தனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். குறைந்தபட்சம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாவது இருப்பான். என் அண்ணன் "சரி" என்றான். அந்த ஒரு 'சரி'க்காக இன்றைக்கும் எனக்கு அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கும். அவள் சொல்ல வேண்டாம் என்றாள், இவன் சொல்வதை நிறுத்திவிட்டான். என்ன கீழ்ப்படிதல் பாருங்கள்! அவளுக்கு வேண்டியிருந்தது 'தப்புப் பண்ணிட்டேன்' என்ற ஒரு வார்த்தை. நான் எத்தனையோ தடவை அவன் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிவிட்டேன். "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்பான். போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. அதனால் ஒரு நடைக் குழு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பம்ப் ஹவுஸிலிருந்து ஆற்றை ஒட்டியே நடந்து நடைபாலம் வரை போய்த் திரும்புவது. பாதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பக்கம் தொழிற்சாலையின் பின்சுவர், மறுபக்கம் கம்பி வேலி, வேலிக்குக் கீழே ஆறு. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக முடியும். கூட்டம் ஏற்றி இறக்கிப் பழகினவன் என்று அண்ணனை முன்னால் நிறுத்தினார்கள். அவன் முன்னால் என்று முடிவானதும் அண்ணி விறுவிறுவென்று போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். அவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி. மெதுவாக நடக்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு வருவதற்குக் கடைசியில் ஒரு ஆள் வேண்டும்தான். அப்படியே அது அவள் இடமாகிவிட்டது.

குழுவில் ஒரு பழக்கம் வந்தது. முன்னால் போகிறவர் பார்ப்பதை வாய்மாற்றிப் பின்னால் அனுப்புவது. அண்ணன் "சகதி" என்பான். அவனுக்கு அடுத்து நான், "சகதி" என்பேன். எனக்குப் பின்னால் கணக்கு வாத்தியார். இப்படியே சங்கிலி மாதிரி கடைசி வரை போகும். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் நின்று, "கடைசி வந்தாச்சா?" என்று கேட்பான். கேள்வி வரிசையில் ஓடிப்போய், "வந்தாச்சு" என்ற பதிலோடு திரும்பி வரும். அதைக் கேட்டால்தான் காலை எடுத்து வைப்பான். கேட்பது இவன், பதில் சொல்வது அவள், நடுவில் தெருவே நிற்கிறது. எனக்குச் சிரிப்பாகவும் வரும், வயிறும் எரியும்.

இன்னொரு பழக்கம் மழை நாளுக்கானது. குடை கூடாது, குறுகின பாதையில் பின்னால் வருகிறவர் கண்ணைக் குத்தும். எல்லோருக்கும் மழைக்கோட்டு. அப்புறம் போன் எல்லாவற்றையும் அண்ணனுடைய தண்ணீர் புகாத பையில் போட்டுவிட வேண்டும். ஒருமுறை தையல்காரர் போனோடு பேசிக்கொண்டே வந்து வேலியில் முட்டிக்கொண்டார். அதிலிருந்து இந்த ஏற்பாடு. அவர் வயிறு முட்டியிராவிட்டால் ஆளே ஆற்றுக்குள் போயிருப்பார் என்று இன்னமும் கிண்டல் செய்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தூறல். போகலாமா வேண்டாமா என்று பம்ப் ஹவுஸ் கூரைக்கடியில் ஒரே விவாதம். "கொஞ்சம் நனைஞ்சா கரைஞ்சா போயிடுவோம்?" என்றார் தையல்காரர். "நீங்க கொஞ்சம் கரைஞ்சா நல்லதுதான்" என்றாள் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனைத் தவிர. அவன் பையைத் திறந்து நீட்டினான், போன்கள் எல்லாம் உள்ளே விழுந்தன. அண்ணி தன்னுடையதைத் தையல்காரர் கையில் கொடுத்துப் போடச் சொன்னாள்.

பாதி தூரம் போவதற்குள் மழை வலுத்துவிட்டது. ஆறு பழுப்பாக, நுரை கட்டிக்கொண்டு, வேலிக்குக் கொஞ்சம் கீழே ஓடியது. பயமில்லை, ஆனாலும் பார்க்காமல் நடப்பதே நல்லது. தொழிற்சாலைச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. அங்கே அண்ணன் நின்று வழக்கம்போலக் கேட்டான். "வந்தாச்சு" வந்தது. அப்போதுதான் பைக்குள் ஒரு போன் அடித்தது. விட்டுவிட்டான். திரும்பவும் அடித்தது. நின்று, மறுபடியும் அடித்தது. மூடியைப் பிரித்து எடுத்துப் பார்த்தான். அண்ணியின் போன். திரையில் 'அக்கா' என்றிருந்தது. அண்ணியின் பெரியக்கா இதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

எடுத்துக் காதில் வைத்தான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினான். அதனால் எனக்கும் கேட்டது. பேசினது அக்காவின் மகன்.

"சித்தி? யாரு, சித்தப்பாவா? சித்தப்பா, அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போகப் போறாங்க. சித்தி எங்க, சித்தி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சித்திகிட்ட குடுங்களேன்."

"குடுக்கறேன். இதோ கூப்பிட வைக்கறேன்" என்றான் அண்ணன். அவ்வளவுதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு கல் மாதிரி நின்றுவிட்டான்.

என் வாய் நிற்கவில்லை. "அண்ணா, இங்க வெச்சுச் சொல்லாத. கால் வைக்கற இடமெல்லாம் வழுக்குது. அண்ணி விழுந்தடிச்சு ஓடுவாங்க, அவங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது. பாலத்துக்குப் போயிடலாம், இதோ இருக்கு. அங்க மழை படாத இடத்துல உக்கார வெச்சு மெதுவாச் சொல்லுவோம்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மழைக்கோட்டுத் தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"இதேதான்" என்றான். "அன்னைக்கு நான் எனக்கே சொல்லிக்கிட்டது இதேதான். ஒரு வார்த்தை மாறல."

எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பல்லு அக்காவுக்குப் போனா? வரிசையில சொல்லி அனுப்பிடலாமே" என்றார். நல்ல மனிதர்தான், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"இது வாய் மாறிப் போற சேதி இல்ல சார்" என்றான் அண்ணன். "யாரும் நகர வேணாம். அப்படியே சுவரோட ஒட்டி நில்லுங்க."

சொல்லிவிட்டு அவன் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தான். குழு ஆரம்பித்த நாளிலிருந்து முன்னால் போகிறவர் திரும்பிப் பின்னால் நடந்ததே இல்லை. பாதையில் அதற்கு இடமும் இல்லை. ஒவ்வொருத்தராகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வயிற்றை எக்கினார்கள். வேலிப் பக்கமாக அவன் ஒவ்வொருத்தரையும் உரசிக்கொண்டு, போனை மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். என்னை அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தான். நான் எந்தக் காலத்தில் யார் பேச்சைக் கேட்டேன்? வாத்தியாரை முன்னால் நிறுத்திவிட்டு அவன் பின்னாலேயே போனேன். "என்னம்மா ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தையல்காரரைத் தாண்டும்போது அவன் கால் ஒரு முறை வழுக்கியது. தையல்காரர் அவன் கோட்டைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினார்.

கடைசியில் அண்ணி குனிந்து, மருந்துக்கடைக்கார அம்மாவின் ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அண்ணனைப் பார்த்தாள். முன்னால் இருக்க வேண்டியவன் இங்கே நிற்கிறான் என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏதோ ஆகிவிட்டது என்று. என்னைப் பார்த்தாள். எப்போதும் நான்தானே சொல்வேன். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அண்ணன் பேசினான். மூச்சு வாங்கியதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"உங்க அக்கா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. தலையில அடி. உள்ள ரத்தம் கட்டியிருக்காம். ஆபரேஷன் பண்ணப் போறாங்க. இன்னும் உள்ள போகல. பேசறாங்க. உன்னைக் கேக்கறாங்க."

"எப்ப வந்துது போன்?"

"இப்ப. அந்த வளைவுல. நேரா வர்றேன்."

அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். "ஆமா அண்ணி, இப்பத்தான், சத்தியமா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் கெட்டுப்போய் எல்லோர் முன்னாலும் அழுதேன். எப்படியும் முகமெல்லாம் மழைதான்.

அண்ணியின் விரல் ஈரத்தில் போன் திரை நகரவே இல்லை. தேய்த்தாள், திரும்பத் தேய்த்தாள். அண்ணன் தன் மழைக்கோட்டை அவிழ்த்து அவள் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என் சட்டை உள்பக்கத்துல துடை" என்றான். காய்ந்திருந்த ஒரே இடம் அதுதான். அவன் சட்டையின் உள்பக்கத்தை இழுத்து விரலைத் துடைத்துக்கொண்டு அண்ணி போன் போட்டாள்.

மகன் போனை அம்மாவின் காதில் வைத்தான் போலிருக்கிறது. "அக்கா" என்றாள் அண்ணி. அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது, லேசாக, ஆனால் தெளிவாக.

"ஏண்டி, என்னடி ஒரே சத்தமா இருக்கு? மழையில எங்க சுத்தறே?"

"ஆத்தங்கரையில நிக்கறேன்க்கா."

"உனக்குப் புத்தி இருக்கா? சளி பிடிக்கும். தலையை நல்லாத் துவட்டு."

"சரிக்கா. வந்துட்டிருக்கேன்க்கா. பயப்படாத."

"எனக்கென்னடி பயம். நீ மெதுவா வா. ஓடாத." பிறகு ஏதோ நர்ஸ் குரல், சக்கரம் உருளும் சத்தம், அவ்வளவுதான்.

வண்டி கிடைப்பது பம்ப் ஹவுஸ் பக்கம்தான், அதனால் வந்த வழியே திரும்பினோம். கடைசியில் நின்றவள் அண்ணி என்பதால் அவள் முன்னால் நடந்தாள், அண்ணன் அவள் பின்னால், அவனுக்குப் பின்னால் நான். அவள் கிட்டத்தட்ட ஓடினாள். "பாத்து" என்று சொல்ல அண்ணன் வாயெடுப்பதும், விழுங்குவதும் எனக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று தடவை ஆயிற்று. அவள் திரும்பிப் பார்க்காமலே, "சொல்ல வந்ததைச் சொல்லுங்களேன்" என்றாள்.

"அங்க கல்லு இருக்கு, பாத்துப் போ" என்றான்.

பம்ப் ஹவுஸ் பக்கத்தில் ஒரு வண்டி பிடித்தோம். சீட் நனைகிறது என்று டிரைவர் முணுமுணுத்தார். அண்ணன், "நானும் டிரைவர்தான்ப்பா, நான் துடைச்சுத் தர்றேன், நீ ஓட்டு" என்றான்.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். நீளமான வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மூன்று பேரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தோம். தரை துடைக்கிற அம்மா எங்களைச் சுற்றியே துடைத்துக்கொண்டு போனாள். நான் டீ வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் சொல்லல?" இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"நீ தனியா அழுதுகிட்டே பஸ்ல போவியேன்னு."

"அழுதுகிட்டே போயிருந்தா என்ன? போய்ச் சேந்திருப்பேன்ல?"

"சேந்திருப்பே." அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "தப்புப் பண்ணிட்டேன். அது உன் அம்மா. எப்பச் சொல்லணும்னு நான் முடிவு பண்ணியிருக்கக் கூடாது. அன்னைக்கே தெரியும் எனக்கு. வாயில வரல."

மன்னித்தேன் என்று அண்ணி சொல்லிக் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் அப்படியெல்லாம் சொல்கிற ரகமில்லை. சூடு ஆறிப்போன இரண்டு டீயை நான் நீட்டியபோது வாங்கி, ஒன்றை அவன் கையில் வைத்தாள்.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். வயசில் சின்னவர், களைத்துப்போயிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். எங்களுக்குப் போன மூச்சு வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஆனா அடி பட்டிருக்கறது பேச்சுக்கான பக்கம். கண் முழிப்பாங்க, உங்களை அடையாளம் தெரியும். பேச்சு மட்டும் வருமா, எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது. உள்ள வந்த கொஞ்ச நேரத்துலயே பேச்சு நின்னுபோச்சு."

பாலம் வரை நடந்திருந்தால் என்று நினைத்தேன். என் பேச்சைக் கேட்டிருந்தால். அண்ணி அந்தக் குரலைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

அண்ணி டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலைல எங்கிட்ட பேசினாங்க டாக்டர்" என்றாள். "நல்லாப் பேசினாங்க. தலையைத் துவட்டுன்னு திட்டினாங்க." டாக்டர் தலையாட்டினார். அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்துவிட்டது.

"பேசினாங்கல்ல?"

"பேசினாங்க" என்றான் அண்ணன். "நான் பக்கத்துலதானே நின்னேன். எல்லாம் கேட்டுது."